கெட்ட சகவாசம்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. குற்றம் ஏன் நடக்கிறது என்பதற்குச் சமூகவியல் சொல்லும் காரணங்கள் சிலவற்றைப் படித்திருந்தோம். திருட்டும் மற்ற எதையும் போலச் சேர்க்கையில் கற்றுக்கொள்வதுதான் என்றது ஒன்று. ஆசையை எல்லாருக்கும் காட்டிவிட்டு வழியைச் சிலருக்கு மட்டும் அடைத்துவைப்பதால் வருகிறது என்றது இன்னொன்று. வீடு, பள்ளி, வேலை என்று ஒருவரைப் பிடித்துவைக்கும் கட்டுகள் தளர்ந்தால் யாரும் திருடுவார்கள் என்பாரும் உண்டு. ஒருமுறை தவறியவரைத் திருடர் என்று ஊர் முத்திரை குத்திவிட்டால் அவர் அப்படியே ஆகிப்போவார் என்பது கடைசி. இவற்றை ஒப்பிட்டு எது சரி என்று சொல்லிவிடலாம் என்று நம்பினேன். வயது அப்படி.

எனக்குத் தெரிந்த குற்றம் காப்பித் திருட்டு ஒன்றுதான். சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். விடுமுறைக்கு மலையேறி வந்ததும் அவரிடமே ஆரம்பித்தேன்.

"சேர்க்கை சரியில்லீன்னா அப்படித்தான் கண்ணு" என்றார். "காப்பகத்துல பிள்ளைங்களப் பாத்துக்குற பொண்ணு இருக்கால்ல, அவளைக் கேளு. சின்னதுல கை நீளம். இப்ப தங்கமா இருக்கா."

யாரைச் சொல்கிறார் என்று தெரியும். மிஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். களத்தில் காயவைத்த காப்பியை எடுத்தபோது நாங்கள் இருவரும்தான் பிடிபட்டோம். எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனேன். பழம் பறிக்கும் பருவம். தாய்மார் எல்லாரும் தோட்டத்துக்குள் போயிருந்தார்கள். இரண்டு குழந்தைகள் தூளியில் தூங்கின.

"ஏனுங்க, வெறுந்தரையில உக்காந்துட்டீங்களே" என்று பாய் விரித்தாள். கூடப் படித்தவள்தான், ஆனால் ரைட்டர் மகளுக்கு அந்த 'ங்க' உண்டு. நான் நோட்டைத் திறந்து, தயாரித்து வந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"மொதல் தடவை எடுக்கறப்ப யார்கூட இருந்தே? யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?"

என்னையே பார்த்தாள். பிறகு தூளியிலிருந்த பிள்ளை புரளும்படி சிரித்தாள்.

"கெட்ட சகவாசம் யாருன்னு கேக்கறயா? நீதான் புள்ளே!"

'நீ' என்று வந்துவிட்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடையில ரிப்பனைப் பாத்து நான் நின்னுட்டிருந்தேன். 'களத்துல காப்பி கெடக்குது, எடுத்துக் குடுத்தா கடைக்காரர் ரிப்பன் தருவார், எங்கப்பா ரைட்டரு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, வா'ன்னு கூட்டிட்டுப் போனது நீங்கதானுங்க. பாவாடையில எப்படி அள்ளிக் கட்டறதுன்னும் நீங்கதான் காட்டினீங்க."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் வந்தது, காப்பி காயும் களத்தின் வாசனை உட்பட.

வாட்ச்மேன் பிடித்ததும் என்னை, 'குழந்தை விளையாடுது' என்று வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவளை ஆட்கள் முன்னால் நிறுத்தி, அவள் அம்மாவின் பையையும் உதறிப் பார்த்தார்கள்.

"அப்பொறம் எங்க எது காணாமப் போனாலும் எங்கூட்டுக்குத்தான் வருவாங்க. பள்ளிக்கூடத்துல பென்சில் காணோம்னாலும் என்ற பையைத்தான் கொட்டுவாங்க. பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திட்டனுங்க. எடுக்காதப்பவே திருடிங்கறாங்களே, எடுத்தாத்தான் என்னன்னு ரெண்டு வருசம் நெசமாவே எடுத்தேன்."

"எப்படி விட்டே?"

"இங்க இருந்த அக்கா பிரசவத்துக்குப் போச்சுங்க. வேற ஆளில்ல, ஒரு வாரம் பாருன்னாங்க. மொத நாளு ஒரு அம்மா கைக்கொழந்தைய என்ற கையில குடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம வேலைக்குப் போயிருச்சு. அதுக்கப்பொறம் தோணலீங்க."

"நாந்தான் கூப்பிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா? நம்பியிருந்தாலும் எங்கம்மாவுக்கு வேலை இருந்திருக்குங்களா?" கோபமில்லாமல்தான் கேட்டாள். கிளம்பும்போது, "என்னைப் பத்தி எழுதுங்க. ஆனா உங்களைப் பத்தியும் எழுதோணும்" என்றாள்.

எழுதினேன். முதல் வரைவைப் படித்த பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. "நாலையும் போட்டுக் கூட்டாஞ்சோறு ஆக்கியிருக்கிறாய். ஒரு கோட்பாடு, மனிதரை ஏதோ ஒன்று தள்ளினால்தான் தவறுகிறார் என்கிறது. இன்னொன்று, பிடித்து நிறுத்தாவிட்டால் எல்லாருமே தவறுவார்கள் என்கிறது. இரண்டையும் எப்படி ஒன்றாக உட்காரவைப்பாய்?"

பதில் தெரியாமல் மூன்று வாரம் திண்டாடினேன். மறுபடி மறுபடி எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரிப்பனுக்கு அவள் ஏங்கினாள், சரி. என் வீட்டில் ரிப்பன் இருந்ததே, நான் ஏன் எடுத்தேன்? எனக்கு, பிடிபட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற தைரியம்; அவளுக்கு, கூப்பிட்ட நான். ஒரே காரியம், ஒரே பாவாடைக்கட்டு. பிறகு அவள் தொடர்ந்ததற்கும் நான் தொடராததற்கும் ஊர் எங்களை அழைத்த விதம்தான் வித்தியாசம். அவள் நிறுத்தியதற்கோ அந்தக் கைக்குழந்தை. ஏன் தொடங்கினார், ஏன் தொடர்ந்தார், ஏன் விட்டார் என்று ஒவ்வொரு கோட்பாடும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே கேள்விக்குப் பதிலாக நிறுத்தியதுதான் என் பிழை. அப்படியே திருத்தி எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்டார்: "இந்த இரண்டாவது பெண் யார்? அவளையும் பேட்டி எடுத்தாயா?"

"நான்தான் ஐயா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு சேலத்தில் நன்னடத்தை அலுவலராக வேலைக்குச் சேர்ந்தேன். பிடிபட்ட பெண்பிள்ளைகளைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் வேலை. என்ன எடுத்தாள் என்பதோடு நிறுத்தாமல், கூட இருந்தது யார், அந்தக் கூட்டாளிக்கு என்ன ஆயிற்று என்றும் விசாரிப்பேன். சில பிள்ளைகள் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்படாமல் வீட்டுக்கே போனது அந்த விசாரிப்பால்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை என்று என் பள்ளித் தோழியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாள் இருந்தது.

பல வருடம் கழித்து ஒரு மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவளைக் கண்டு சொன்னேன். தன் மகளை என் பக்கம் தள்ளி, "இவ உங்களாட்டமே நல்லாப் படிக்கறா. என்ன படிக்க வெக்கறதுன்னு சொல்லுங்க" என்றாள். கோயில் குன்றிலிருந்து இறங்கும் வரை மூவரும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.