மௌரீன் சரிபார்த்த ஸ்பானிஷ்

என் அம்மா மௌரீன் பதினேழு வருடம் ஸ்பானிஷ் மொழியில் அச்சான காகிதங்களைச் சரிபார்த்தாள். அந்த மொழியில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு அது ஒரு குறையாகப் பட்டது. சரிசெய்யக் கிளம்பினேன்.

அவள் பிறந்தது பெங்களூரு ஒக்கலிபுரத்தில். பி.யூ.சி.யோடு படிப்பு நின்றது. எலக்ட்ரீஷியன் யூஜினைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீராம்புரத்துக்கு வந்தாள். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போனார். அதே 2006ஆம் வருடம், பீன்யாவில் மருந்து லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். மேலதிகாரிகள் பார்க்காத ஓர் அச்சுப் பிழையை ஒட்டும்போதே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். ஆறு மாதத்தில் அவளைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

லேபிள்கள் பெரு, குவாத்தமாலா போன்ற நாடுகளுக்குப் போகிறவை. மேசையில் இடது பக்கம் ஒப்புதல் பெற்ற மூலப்பிரதி, வலது பக்கம் புதிதாக அச்சான தாள். வரிக்கு அடியில் ஸ்டீல் ஸ்கேல். அம்மா ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே போவாள். எழுத்தின் தலையில் சாய்கோடு இருந்தால் அது குச்சி. ஆங்கில n எழுத்துக்கு மேல் வளைகோடு இருந்தால் மீசை. ஸ்பானிஷில் குச்சராதா என்றால் பெரிய கரண்டி, குச்சராதீத்தா என்றால் சின்னக் கரண்டி. குழந்தைகளின் இருமல் மருந்தில் இது இடம் மாறினால் மூன்று மடங்கு மருந்து உள்ளே போகும். அம்மாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. ஒன்றில் ஒன்பது எழுத்து, மற்றதில் பதினொன்று. அவ்வளவுதான்.

நான் மென்பொருளில் பிழை தேடும் பொறியாளன். சிலி நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக ஆபீஸிலேயே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். கற்றதும் முதலில் தோன்றியது இதுதான்: அர்த்தம் தெரிந்தால் அம்மாவின் வேலை பாதி நேரத்தில் முடியும். அவளுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. கண்ணும் கழுத்தும் வலிக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். 2023 மார்ச்சில் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன்.

ஒன்றுபோலத் தெரியும் சொற்களில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். ஓம்ப்ரே ஆண், ஆம்ப்ரே பசி, ஓம்ப்ரோ தோள். கபாய்யோ குதிரை, கபேய்யோ தலைமுடி, செபோய்யா வெங்காயம். ஒரு வாரம் முழுக்கக் குதிரையை நறுக்கினாள், வெங்காயத்தை வாரிப் பின்னினாள். நான் பொறுமை இழந்தபோது, “வெங்காயத்துக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாத ஊருக்கா இத்தனை வருஷம் மருந்து அனுப்பிட்டிருந்தேன்?” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் தவறும் சொற்களையே திரும்பத் திரும்பக் கேட்கும்படி ஒரு நிரல் எழுதி அவள் போனில் போட்டேன். நாளைக்கு இருபது சொல். எது சரி, எது தவறு, எத்தனை நொடி எடுத்தாள் என்று எல்லாம் என் கணினியில் பதிவாகும். மார்ச்சில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு சரியாக இருந்தது. அக்டோபரில் தொண்ணூற்றொன்று. அந்த வரைபடத்தை ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டினேன்.

டிசம்பரில் எண்கள் சரியத் தொடங்கின. எண்பது, எழுபத்திரண்டு, ஜனவரியில் ஐம்பத்தெட்டு. பதில் சொல்லும் நேரம் மட்டும் குறைந்தது. கேள்வியைப் படிக்காமலே எதையோ அழுத்தியிருக்கிறாள் என்று தெரிந்தது. கோபம் வந்தது.

“மம்மி, போன மாசம் தெரிஞ்சது இந்த மாசம் எப்படித் தெரியாமப் போகும்?”

“வயசாகுதுடா.”

“ஐம்பத்தேழெல்லாம் ஒரு வயசா? உனக்குக் கவனம் இல்ல.”

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் இருபதை நாற்பதாக்கினேன்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை.

ஏப்ரலில் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கவும், லாக்கரில் இருந்த பொருட்களை வாங்கவும் பீன்யாவுக்குப் போனேன். சரிபார்ப்புப் பிரிவின் பொறுப்பாளர் சுனிதா என்னை உட்கார வைத்தார். கன்னடக்காரர். அம்மாவோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். அம்மாவின் மேசை எது, கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு, நவம்பர் கடைசியிலிருந்தே அக்கா அந்த மேசையில் இல்லை என்றார். பெட்டி எண்ணும் இடத்தில் இருந்தாளாம்.

எனக்குப் புரியவில்லை. நவம்பரில் ஒரே மாதத்தில் மூன்று பிழைகளை அம்மா விட்டுவிட்டாள் என்று அவர் விளக்கினார். சொல்லின் நடுவே ஓர் எழுத்து விட்டுப்போனது, ஒரு மீசை இல்லாதது, அப்படிப்பட்டவை. இரண்டாவதாகப் பார்க்கிறவர் பிடித்துவிட்டதால் லேபிள் எதுவும் வெளியே போகவில்லை. ஆனால் மூன்று விட்டால் மேசை போய்விடும். திரும்பக் கிடைக்க ஒரு தேர்வு உண்டு. தாள்களில் வேண்டுமென்றே முப்பது பிழை வைத்துக் கொடுப்பார்கள். முப்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.

பதினேழு வருடம் விடாதவள் எப்படி விட்டாள் என்று கேட்டேன். சுனிதா நேராகச் சொன்னார்.

“அக்காவுக்கு அர்த்தம் தெரிஞ்சுபோச்சு. பாதி பாக்கும்போதே முழு வார்த்தையும் மனசுல வந்துடுதாம். கண்ணு எழுத்து மேல நிக்கவே மாட்டேங்குதுன்னு அழுதாங்க. ‘மறக்கப் பாக்குறேன் சுனிதா, இவன் விட மாட்டேங்கிறான்’னு சொல்லுவாங்க.”

டிசம்பர் எண்களுக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது. எனக்காகத் தினமும் போனைத் திறந்திருக்கிறாள். சொற்கள் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்காமலே அழுத்தியிருக்கிறாள். நாற்பது தடவை.

மதிய இடைவேளையில் பழைய தாள்களைத் தலைகீழாக வைத்துப் பழகினாளாம். தலைகீழாக வைத்தால் சொல் மறைந்து எழுத்து மட்டும் தெரியும் என்று அவளே கண்டுபிடித்த வழி. பிப்ரவரி முதல் வாரத்தில் தேர்வு எழுதினாள். இருபத்தொன்பது பிடித்தாள். ஒன்று போய்விட்டது. மார்ச்சில் இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதாக இருந்தார்கள்.

நான் பேச ஆரம்பித்தேன். அர்த்தம் தெரிவதால் பிழை கூடாது, இரண்டு சுற்றாகப் பார்த்திருக்க வேண்டும், முதல் சுற்று எழுத்துக்கு, இரண்டாவது சுற்று அர்த்தத்துக்கு, முறைதான் தவறு என்று சொல்லிக்கொண்டே போனேன். சுனிதா முழுவதையும் கேட்டார்.

“ஏன் உங்க மகன்கிட்ட சொல்லலன்னு நான் கேட்டேன் அமல். சொன்னா வாதம் பண்ணுவான்னு சொன்னாங்க.”

தேர்வில் அவள் விட்ட அந்த ஒன்றைக் காட்டச் சொன்னேன். விதிப்படி காட்டக் கூடாது. ஆனாலும் சுனிதா எழுந்துபோய் அலமாரியைத் திறந்து மூலப்பிரதியையும் ஒரு தாளையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காதில் விடும் சொட்டு மருந்து. மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு சொட்டு. தடையில்லாமல் படித்தேன். பிழை எதுவும் இல்லை. அம்மாவின் ஸ்கேலை லாக்கர் பையிலிருந்து எடுத்து வரிக்கு அடியில் வைத்து மறுபடி படித்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதும் சொற்கள்தான் எழுந்து வந்தன. இருபது நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்து மேசையில் ஒரு பெண் உதடு அசைய எழுத்தெழுத்தாகப் போய்க்கொண்டிருந்தாள்.

“எங்க இருக்கு?” என்றேன்.

“சொல்ல முடியாது. இதே தாள்ல இன்னும் ரெண்டு பேருக்கு டெஸ்ட் பாக்கி இருக்கு.”

எந்த வரி என்றாவது சொல்லுங்கள் என்றேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கிக் கோப்பில் வைத்து, அலமாரியைப் பூட்டினார்.