அடுப்பில் வைக்காதீர்

வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறவர்களுக்குப் பாத்திரம் கடையில் இருந்தால் வருமானம் இல்லை, வெளியே போனால் நிம்மதி இல்லை. இதே தொழிலில் இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நாமகிரிப்பேட்டையில் இருக்கும் எங்கள் கடைக்கு ஆசைப்பட்டு ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் வாங்கினேன். கீழே குழாய் வைத்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. அது வெளியே போகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

தங்கக் கலர்

முதல் போணியே ஒரு காதுகுத்துக்கு. டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டிய ஆள், பர்னரைப் பற்றவைத்து, காலி டிரம்மை மேலே ஏற்றிவிட்டு, மோட்டார் போடப் போயிருக்கிறார். கரண்ட் இல்லை. பக்கத்துக் கிணற்றில் இறைத்து வருவதற்குள் அடி பழுத்துவிட்டது. பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தாராம். திரும்பி வந்தபோது அடிப்பக்கம் மஞ்சளும் ஊதாவுமாக மினுங்கியது; நடுவில் தொப்பை வேறு. தரையில் வைத்தால் ஆடியது. இது என்ன கோலம் என்று கேட்டேன். அவருக்கு வருத்தமே இல்லை.

“சில்வராக் குடுத்தீங்க, தங்கமாட்டம் திருப்பிக் குடுக்கறனுங்க, இன்னும் என்னங்க?”

கிட்னிக் கல்

எருமப்பட்டிப் பக்கம் ஒரு தம்பி. பெங்களூரில் வேலை, லீவில் தோட்டத்துக்கு வந்திருந்தார். முளைகட்டிய பார்லியைக் கொதிக்க வைக்க டிரம் வேண்டுமாம். கஞ்சிக்கா என்றேன், இல்லை, கிட்னிக் கல்லுக்கு என்றார். திரும்பி வந்த டிரம்மின் மூடியைத் திறந்தால் கருகிய வாடையோடு, எந்தக் கஞ்சியிலும் வராத, ஒயின்ஷாப் வாசலில் மட்டும் வருகிற ஒரு புளித்த வாடையும் அடித்தது. பார்லி முழுக்கத் தொப்பைக் குழியில் இறங்கித் தீய்ந்து, தார் மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு ஆளுக்கு இத்தனை பார்லித் தண்ணீரா என்று கேட்டேன்.

“எங்க தோட்டத்துப் பக்கம் எல்லாருக்குமே கல்லுங்கக்கா.”

ஆட்டம்

அதன் பிறகு என் பயம் பாத்திரத்தைப் பற்றியது இல்லை. ஆடுகிற டிரம்மில் கொதிக்கிற தண்ணீர். யார் மேலாவது சாய்ந்தால்? முகூர்த்த சீசனில் அந்த அளவுக்கு வேறு டிரம் என்னிடம் கிடையாது. கொடுக்கவும் மனமில்லை, இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு, இருப்புக் கொள்ளாமல் நானே மண்டபத்துச் சமையல்கட்டில் போய் நின்றேன். சமையல்காரம்மா செங்கல் சில்லை முட்டுக் கொடுத்து டிரம்மை நிறுத்தியிருந்தார். அவர் குழாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓரடி முன்னால் போவதும் ஓரடி பின்னால் வருவதுமாக இருந்தேன். கரண்டிக் காம்பால் என்னை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார்:

“டிரம்மு ஆடறது சரிங்க, நீங்க எதுக்குங்க ஆடறீங்க?”

சிவப்பு எழுத்து

மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு, டிரம்மின் கீழ்ப்பக்கம் சிவப்பில் கொட்டை எழுத்தாக ‘அடுப்பில் வைக்காதீர்’ என்று எழுதவைத்தேன். இனிமேல் பச்சைத் தண்ணீருக்கும் மோருக்கும் மட்டும்தான். அந்த வாரமே கோயில் நோம்பியில் நீர்மோர்ப் பந்தலுக்குப் போனது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பந்தல்காரர் டிரம்மோடு நொண்டிக்கொண்டு வந்தார். கணுக்காலில் ஈரத்துண்டு. மோர் மீந்துவிட்டதாம், கீழே ஊற்ற மனசு வரவில்லையாம், மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தார்களாம். இறக்கும்போது டிரம் சாய்ந்துவிட்டது. கொஞ்சம்தான், மேல்தோல்தான் என்றார். இத்தனை பெரிதாக எழுதியிருந்தும் கண்ணில் படவில்லையா என்று கத்தினேன். அவர் நிதானமாக டிரம்மைத் திருப்பிக் காட்டினார். தீ ஏறிய பக்கம் பெயின்ட் பொரிந்து உதிர்ந்து, ‘அடுப்பில் வை’ மட்டும் மிச்சம் இருந்தது.

“நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க.”

அவர் கால் ஆறிவிட்டது, டிரம்மின் அடியில் ஓட்டைகள் போட்டுக் கறிவேப்பிலைச் செடி நட்டுக் கடை வாசலில் வைத்தாயிற்று, ஆனாலும் யாராவது வந்து அதையும் வாடகைக்குக் கேட்டுவிடுவார்களோ என்று எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளவில்லை.