ஒரு மணி நேர விருந்தாளி

பேராசிரியருடையது பெரிய வகுப்பு. மேடையில் நின்று சமூகவியலைப் பொழிந்துவிட்டு அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தைச் சின்னச் சின்னக் குழுக்களாக உட்கார வைத்துப் பேச வைப்பதும், எழுதித் தருவதைத் திருத்துவதும் பகுதி நேர உதவியாளர்கள் பாடு. அவளும் அவர்களில் ஒருத்தி. காலையில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை, மதியம் பல்கலைக்கழகம். அங்கே மூன்று உதவியாளர்களுக்கும் சேர்த்து ஒரே மேசை, ஆளுக்கு ஓர் இழுப்பறை.

அந்தப் பருவத்தில் பேராசிரியர் ஒரு பயிற்சி கொடுத்தார். மாணவர்கள் சொந்த வீட்டிலேயே ஒரு மணி நேரம் விருந்தாளியைப் போல நடந்துகொள்ள வேண்டும். கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். எல்லோரிடமும் மரியாதையாகப் பேச வேண்டும். வீட்டார் என்ன செய்தார்கள் என்று எழுதி வர வேண்டும். யாரும் எழுதி வைக்காத விதிகள் மீறும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்பது பாடம்.

மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லுமுன் தானே செய்து பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கணவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எப்போதும் 'வா, போ' என்றுதான் பேசிக்கொள்வார்கள். அன்று மாலை வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமாங்க?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "வா... என்ன?"

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா."

அவன் கத்தியை வைத்துவிட்டு வந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. இப்போது அவன் முகம் வெளுத்தது. "சரி, நான் என்ன தப்பு பண்ணேன்னு நேரா சொல்லிடு. இப்படி மட்டும் பேசாத."

மகள் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்களா?"

ஒரு மணி நேரமாவது ஒன்றாவது! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

மாணவர்கள் எழுதி வந்ததும் அந்த மாதிரிதான் இருந்தது. ஒருத்தியின் அப்பா, "பணம் வேணும்னா கேளேன், எதுக்கு இந்த நாடகம்?" என்றாராம். இன்னொருவனின் அம்மா, "யாரு அந்தப் பொண்ணு?" என்று குடைந்து எடுத்துவிட்டாராம். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஜன்னலோரம் மட்டும் சிரிக்கவில்லை. எப்போதும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு மாணவனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது. அவன் தாளில் இரண்டே வரி: 'சனி, ஞாயிறு இரண்டு நாளும் விருந்தாளியாக இருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.'

டிமிக்கி கொடுக்கிறான் என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வகுப்பு முடிந்ததும் நிறுத்தி வைத்தாள்.

"நிஜமா செஞ்சியா, இல்ல பஸ்ல வரும்போது எழுதினியா?"

"செஞ்சேன் மேடம்."

"என்னடா ஆச்சு உனக்குன்னு வீட்டுல ஒருத்தர்கூடவா கேக்கல?"

"எப்பவும் அப்படித்தானே இருக்கேன்."

அப்பா, அம்மா வேறு ஊரில். இரண்டு வருடமாக அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். "அண்ணி ரொம்ப நல்லவங்க மேடம். 'சாப்பிட வாங்க தம்பி'ன்னு கூப்பிடுவாங்க. போய் சாப்பிடுவேன்."

"அதுக்கு முன்னாடி பசிச்சா?"

"கூப்பிடுவாங்க மேடம்."

குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான்.

அவன் தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள். அவர் பையை மூடிக்கொண்டே, "வீட்டுக்காரங்க ஒண்ணுமே செய்யலைன்னா எதுக்கும்மா மார்க் போடறது?" என்றார்.

"யாருக்கும் வித்தியாசமே தெரியலைங்கறதுதானே சார் விஷயம்?"

அவர் கை நின்றது. "அப்ப அதை அவனே எழுதட்டும். நீங்க எழுதிக் குடுத்துடாதீங்க."

அவனிடம் திருப்பி எழுதச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். "வேணும்னா தலைகீழா செஞ்சு பாரு. ஒரு மணி நேரம் அந்த வீட்டுப் பையனா இரு" என்று வாயைவிட்டாள்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். தன் வீட்டில் விளையாடிப் பார்ப்பது வேறு. ஊரார் வீட்டுக் குடித்தனத்தில் கைவைக்கத் தான் யார்? அந்த அண்ணி வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிட்டால் இவன் எங்கே போவான்? அந்த நினைப்பிலேயே கிளினிக்கில் ஒரே நேரத்துக்கு இரண்டு பேரை வரச்சொல்லி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவன் தாள்களை நீட்டியபோது அவளால் படிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. "என்ன ஆச்சு? சொல்லு."

"கேக்காம பிரிட்ஜைத் திறந்தேன். பால் இருந்துச்சு. நின்னுக்கிட்டே மொத்தத்தையும் குடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அது குழந்தைக்கு வெச்சதாம். அண்ணி கத்தினாங்க பாருங்க! 'ஏன்டா, கண்ணு தெரியல உனக்கு? குழந்தை எழுந்தா என்னத்தக் குடுப்பேன்? ஓடு கடைக்கு'ன்னு."

"டா போட்டா?"

"டா போட்டு, மேடம்." அவன் சிரித்தான். "வாங்கிட்டு வந்து குடுத்தா, 'வெச்சிட்டு உக்காரு'ன்னாங்க. சாரியும் சொல்லல, திரும்ப 'வாங்க போங்க'வும் போடல."

"உங்க அண்ணன்?"

சிரிப்பு சற்று அடங்கியது. "எதுக்குச் செஞ்சேன்னு சொன்னதும் அவருதான் ஒரு மாதிரி ஆயிட்டாரு. 'இத்தனை நாளா நீ கேட்டுக்கேட்டுத்தான் எடுத்தியா, எனக்கெப்படிடா தெரியாம போச்சு'ன்னு. ரெண்டு நாள் சரியாவே பேசல."

அவள் அன்று தாளை மெதுவாகப் படித்தாள். எழுத்துப்பிழைகள் நிறைய, வாதம் நடுவில் எங்கோ அறுந்துபோயிருந்தது. அவற்றுக்கு மார்க்கைக் குறைத்தாள். ஆனாலும் அந்தக் குழுவில் அவனுக்கு வந்ததுதான் அதிகம்.

வகுப்பில் அவன் அதன்பிறகும் பெரிதாகப் பேசிவிடவில்லை. பருவம் முடிய இருக்கையில் ஒருநாள் படிக்கட்டில் எதிரே வந்தான். வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்டாள்.

"இப்பல்லாம் அண்ணிக்குக் கோவம் வந்தாத்தான் மேடம், 'வாங்க தம்பி'ங்கறாங்க" என்றான்.