ஒண்ணும் இல்லீங்க டாக்டர்

மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு பார்த்ததும் எனக்கும் அவள் அப்பாவுக்கும் மலேசியாவுக்கு டிக்கெட் போட்டாள். பத்துமலை முருகனை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எப்போதோ நான் சொன்னதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது பயண இன்சூரன்ஸ்.

"வெளிநாட்ல ஆஸ்பத்திரிக்குப் போனா சொத்த எழுதிக் குடுக்கணும்மா. இன்சூரன்ஸ் போட்டுடறேன். உனக்கு ஏதாச்சும் வியாதி இருக்கா?" என்று போனில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எனக்கு வீசிங் இருக்கிறது. மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவள் நான். பேஸ்டிங் லைனில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பசையைப் பிரஷ்ஷில் தொட்டுத் தோலில் தடவ வேண்டும். அந்த நெடி முதலில் தலையைச் சுற்ற வைக்கும், அப்புறம் பழகிவிடும், அதற்கும் அப்புறம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் லைனில் பாதிப் பேர் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இழுப்புக்கு அடிக்கிற பஃப் இருக்கும். படிக்கிற பிள்ளை பயந்துவிடும் என்று மகளிடம் நான் இதைச் சொன்னதே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் மெடிக்கல் செக்கப் நடக்கும். அன்று காலை பாத்ரூமில் வரிசையாக நின்று பஃப் அடித்துக்கொள்வோம். டாக்டர் மூச்சை இழுக்கச் சொன்னால் முழுசாக இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே விசில் கேட்டுவிடும். "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பசை தடவக் கற்றுக்கொடுக்கிறோமோ இல்லையோ, இதைக் கற்றுக்கொடுத்துவிடுவோம். ஒருத்தி உண்மையைச் சொல்லி, லைனை மாற்றுங்கள் என்று கேட்டாள். பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் பேக்கிங்கில் ஆள் ஜாஸ்தி என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு இன்சூரன்ஸு? பஃப எடுத்துகினு வா, போதும்" என்றார் வீட்டுக்காரர். நாலு படி ஏறினாலே எனக்கு இழுக்கும். பத்துமலைப் படியில் மூச்சு நின்றுபோனால் இவர் துண்டால் விசிறிக்கொண்டு நிற்பார், வேறென்ன தெரியும் இவருக்கு? எரிச்சலில் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எங்கிட்ட கூடவாம்மா மறைச்ச?" என்றாள். பிறகு, "சொல்லாம போட்டா, அங்க எதுனா ஆச்சுன்னா பழைய வியாதின்னு சொல்லி கைவிட்டுடுவாங்க. டாக்டர்கிட்ட எழுதி வாங்கு" என்றாள்.

எந்த டாக்டரிடம்? பஃப் மருந்துக்கடையில் வாங்குவது. என் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர் கம்பெனி டாக்டர் ஒருத்தர்தான். அவர் எழுதினால் வேலைக்கு ஆபத்து. எழுதாவிட்டால் கண்காணாத ஊரில் மூச்சுக்கு ஆபத்து.

அந்த மாதமே செக்கப் வந்தது. நான் பஃப் அடிக்கவில்லை. "இன்னாக்கா பண்ற? பேஜாராயிடும்கா" என்று கூட இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்கு வீசிங் இருக்குது டாக்டர். எழுதிக் குடுங்க" என்று சொல்லி மூச்சை முழுசாக இழுத்தேன். விசில் எனக்கே கேட்டது.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த லைன்ல யாருக்கும்மா இல்ல? மாஸ்க் போட்டுக்க" என்றார். ஃபிட் என்று எழுதினார். "அடுத்த ஆளு" என்றார்.

அந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் எல்லோருடைய நெஞ்சும் வருஷாவருஷம் அவருக்குக் கேட்டிருக்கிறது. பாத்ரூமில் ஒளிந்து ஒளிந்து நாங்கள் ஆடிய நாடகத்தைப் பார்க்க ஆளே இல்லை. வியாதிக்காக யாரையும் கம்பெனிக்காரர்கள் அனுப்பவில்லை. லைனை மாற்றச் சொல்லி வாயைத் திறந்ததற்காகத்தான் பேக்கிங்குக்குப் போனவளை அனுப்பியிருக்கிறார்கள்.

மகள் என்னை வேலூரில் வேறு டாக்டரிடம் அழைத்துப்போய் எழுதி வாங்கினாள். அதை இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்பினாள். பதில் வந்ததும் போனில் படித்துக் காட்டினாள். பெட்டி தொலைந்தால் தருவார்கள். விமானம் தாமதமானால் தருவார்கள். கீழே விழுந்து கால் உடைந்தாலும் தருவார்கள். வீசிங்குக்கு மட்டும் கிடையாது.

"போடட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

"பெட்டிக்காவது போடு" என்றேன்.

போய்த்தான் வந்தோம். பத்துமலையில் வீட்டுக்காரர் மேலே ஏறிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். நான் அவருடைய செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு முதல் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் பூசினார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் எனக்கு இழுக்க ஆரம்பித்துவிடும்.