நைனா போகாத பர்மா

யுத்தகாலத்து மனிதர்களைப் பற்றி நான் இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று, பர்மாவிலிருந்து காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது. இன்னொன்று, ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது கால்வாய்ப் படகிலும் மாட்டு வண்டியிலும் எங்கள் ஏரிக்கரைக்கு ஓடி வந்தவர்களைப் பற்றியது. பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாட்களில் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்து சேர்த்த கதைகள்.

அந்தப் புத்தகங்களைப் பழவேற்காட்டில் எங்கள் குப்பத்து ஆட்கள் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். புரட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊரில் உள்ள கிழவன் கிழவி கதையெல்லாம் இருக்கிறதே, உன் நைனா கதை எங்கே?

நியாயமான கேள்வி. எங்கள் குப்பத்திலிருந்து யுத்தத்துக்குப் போன ஒரே ஆள் என் அப்பா. திரும்பி வந்து மறுபடியும் வலை பிடித்தார் என்றாலும், சாகும்வரை அவருக்குப் பெயர் பட்டாளத்தார். எங்கள் வீடு பட்டாளத்தார் வீடு. அக்கா பட்டாளத்தார் பொண்ணு. வாழ்நாள் முழுக்கப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதிய நான் இன்றைக்கும் பட்டாளத்தார் பையன்தான்.

நைனாவைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் வரும் என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அப்படிச் சொன்னது தப்பாகப் போயிற்று. ஊர் அதை நம்பி, காத்திருக்க ஆரம்பித்துவிட்டது.

உண்மை என்னவென்றால், நைனா எந்தச் சண்டையும் போடவில்லை. கப்பலில் கால் வைத்ததில்லை. யுத்தம் முடியும்வரை பெங்களூர்ப் பக்கம் ஒரு முகாமில் சமையற்கட்டிலும் சாமான் கிடங்கிலும் வேலை பார்த்தார். இதை யாரும் துப்புத் துலக்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்தில் நானே கேட்டேன். துப்பாக்கி பிடித்தீர்களா என்று கேட்டதற்கு, வெங்காயம் பிடித்தேன் என்றார். சிரிக்கக்கூட இல்லை. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று நானும் டேப்பை நிறுத்திவிட்டேன்.

போன வருஷம் என்னுடைய நினைவுகளை எழுத ஆரம்பித்தபோது, இனி நைனாவை விட்டுவிட்டு எழுத முடியாது என்று ஆகிவிட்டது. சென்னையில் வீட்டில் உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. ரயில் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். மீன் ஏலத்தில் நின்று இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். கண்ணில் புரை விழுந்ததால் இப்போது படிக்க முடியவில்லை. அதனால் நான் எழுதியதைக் காலையில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் இறால் உரித்துக்கொண்டே கேட்பாள். கேட்பது ஒரு காதில்தான் என்று நினைத்திருந்தேன்.

நைனாவின் அத்தியாயத்தைப் படித்த அன்று, முகாம், சமையற்கட்டு, வெங்காயம் என்று போய்க்கொண்டிருந்தபோது, இறால் உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னாடா எழுதி வச்சிகீற?" என்றாள்.

உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். உள்ளதை எழுத நீ எதற்கு, அதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்றாள். யாருக்கும் தெரியாதே அக்கா என்றேன். தெரியாதது தெரியாமலே இருக்கட்டும் என்றாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"ஒரே ஒரு தபா நைனாவ கப்பல்ல ஏத்திட்றா. பர்மா போய்ட்டு உடனே வந்துடட்டும்."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பேத்திக்குப் பொன்னேரியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணின் கொள்ளுத்தாத்தா பட்டாளத்தார் என்று கேள்விப்பட்டதும், மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் சரி என்று சொன்னவர் அவர்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. இந்த நேரத்தில் நான் வெங்காயத்தோடு வந்து நிற்கிறேன்.

மறுநாள் அக்கா பையன், கடலுக்குப் போய்விட்டு வந்த கையோடு, குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். நான் எழுதுவதில் அவர்கள் தலையிட மாட்டார்களாம். ஆனால் பட்டாளத்தார் ஊருக்கே பொதுவான ஆளாம். பக்கத்துக் குப்பத்தோடு பாடு பிரிப்பதில், அதாவது ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதில், தகராறு வந்து பேச்சு நடந்தபோதெல்லாம், எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நின்று சண்டை போட்ட ஆள் இருக்கிறார் என்று சொல்லித்தான் முன்வரிசையில் உட்கார்ந்தார்களாம்.

அதில் ஒருவர் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார். பர்மா தூரம் என்று நினைத்தால் வேண்டாம், சிலோன் போதும் என்றார். சிலோனில் அப்போது பெரிய சண்டை நடக்கவில்லையே என்றேன். அப்படியானால் சிங்கப்பூர் என்றார். கூட வந்தவருக்குச் சிங்கப்பூர் பிடிக்கவில்லை. அங்கே பிடிபட்டவர்கள் நிறைய, நம்ம ஆள் பிடிபட்டதாக வரக்கூடாது என்றார். என் அப்பாவை எங்கே அனுப்புவது என்று அவர்கள் இரண்டு பேரும் என் எதிரிலேயே வாதாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பத்திரிகைக்காரன் பொய் எழுதக்கூடாது என்று நான் கடைசியில் சொன்னதும், மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களும் பேப்பர் படிக்கிறவர்கள்தானே.

அக்கா என்னோடு சண்டை போடவில்லை. சமையலை மாற்றிவிட்டாள். ஏரியில் நண்டு கொழுத்திருந்த நேரம். பக்கத்து வீடுகளிலிருந்து நண்டுக் குழம்பு வாசம் மதில் தாண்டி வந்தது. எனக்குக் கத்தரிக்காய், அப்புறம் சுரைக்காய், அப்புறம் வெங்காய சாம்பார். வெங்காயம் உனக்குப் பிடிக்குமே என்று ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் நிச்சயதார்த்தத்தைப் பார்க்காமல் போனால், அப்புறம் சுரைக்காய்கூடக் கிடைக்காது.

சம்பந்தி வீட்டில் ஒரு எட்டு பார்த்துவிட்டு, பேத்திக்குப் புடவையும் எடுத்து வரலாம் என்று அக்காவும் நானும் ஒரு நாள் பொன்னேரிக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாத்தா எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். சுவர் முழுக்க சீருடைப் படங்கள். மீசையை நேர்த்தியாக வெட்டி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். எங்கள் அப்பாவைப் பற்றி நிச்சயத்தன்று சாவகாசமாக உட்கார்ந்து பேச வேண்டும், எந்தப் படைப்பிரிவு, எந்த முனையில் இருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை என்றார். அக்கா காபியை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிய பிறகு, "அந்தாளு துருவித் துருவி கேப்பான்டா" என்றாள். கேட்கத்தான் கேட்பார் என்றேன். அப்போதுதான், புடவைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். கடைசி வருஷங்களில் நைனா அவள் வீட்டில்தான் இருந்தார். அப்போது அவளிடம் சொன்னதாம்.

அந்த முகாமுக்குப் பக்கத்தில் கம்பி வேலி போட்டு இத்தாலிக்காரக் கைதிகளை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் சண்டையில் பிடித்துக் கொண்டு வந்தவர்கள். அவர்கள் சமையலுக்கு வேண்டிய மாவும் காயும் கறியும் வண்டியில் கொண்டுபோய் இறக்குவது நைனாவின் வேலை. ஒரு நாள் மீன் வந்தது. எங்கிருந்தோ எத்தனையோ நாள் கழித்து வந்த மீன். இறக்கும்போதே நைனா ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார். வாங்க வந்த கைதி ஒருவனும் இன்னொன்றை எடுத்தான். அதே மாதிரி செவுளைத் திறந்தான். அதே மாதிரி முகத்தைச் சுளித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவனும் மீன்பிடிக்கிறவன்.

ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. நைனா குச்சியால் தரையில் ஏரியை வரைந்து, முகத்துவாரத்தை வரைந்து, அந்தப் பக்கம் கடல் என்று கையை அலையடித்துக் காட்டினாராம். அவன் தன் ஊர்ப் படகை வரைந்து, முகப்பில் ஒரு கண்ணை வரைந்தானாம். அதற்கப்புறம் வண்டி போகும்போதெல்லாம் இரண்டு பேரும் சாக்கு நூலில் முடிச்சுப் போட்டுக் காட்டிக்கொள்வார்கள். இது எப்படி, அது எப்படி என்று. மேலதிகாரி ஒருவன் இதைப் பார்த்துவிட்டான். எதிரியோடு இன்னா பேச்சு என்று திட்டி, வண்டி வேலையிலிருந்து எடுத்து, யுத்தம் முடியும்வரை சமையற்கட்டில் உட்கார வைத்துவிட்டான். வெங்காயம் அப்போது வந்ததுதான்.

எங்கள் படகின் முகப்பில் ஒரு கண் வரைந்திருந்தது எனக்கும் நினைவு வந்தது. திருஷ்டிக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யார் யார் வீட்டுக் கூடத்திலோ உட்கார்ந்து, அப்புறம், அப்புறம் என்று மணிக்கணக்கில் கேட்டவன் நான். என் அப்பாவிடம் ஒரு அப்புறம் கேட்டிருக்கலாம்.

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். நைனா சொல்லக்கூடாது என்றாராம். எதிரிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, கூடிக் குலாவிய ஆள் என்று தெரிந்தால் ஊரில் யாரும் பட்டாளத்தார் என்று கூப்பிட மாட்டார்களாம். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம்.

நிச்சயதார்த்தம் பழவேற்காட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. தட்டு மாற்றி முடித்து, பந்தியில் உட்கார்ந்தோம். எனக்கு நண்டு வந்தது. அதை உடைக்க ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளையின் தாத்தா எதிர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்து, அப்பா எந்த முனையில் இருந்தார், பர்மாவா என்று கேட்டார். இந்தப் பக்கம் எங்கள் குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, கையில் கரண்டியோடு நடுவில் வந்து நின்று, எங்க நைனா பர்மாவுக்கெல்லாம் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். மீனில் ஆரம்பித்தாள். செவுளைத் திறந்தாள். கரண்டியால் காற்றிலேயே ஏரியை வரைந்தாள். பஸ்ஸில் என்னிடம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். அந்த இத்தாலிக்காரன் பிரியும்போது அழுதான் என்பது எனக்குப் புதுத் தகவல். நான் குறுக்கே பேசவில்லை. எனக்கு எதிரில் நண்டு இருந்தது.

அவள் முடித்ததும் பந்தி முழுக்க மாப்பிள்ளையின் தாத்தாவைப் பார்த்தது. பெரியவர் தண்ணீர் குடித்தார். இலையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"நான் இருபத்தோரு வருஷம் சர்வீஸ்மா. பாலத்த காத்தேன், கிடங்க காத்தேன், பனிமலையில நின்னேன். எதிரிய ஒரு தடவகூட கண்ணால பாத்ததில்ல. உங்க நைனா பரவால்ல, மீசைய எண்ற தூரத்துல பாத்திருக்காரு."

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். அவர் வீட்டில் சொல்லும் கதைகளில் எதிரி இல்லாத கதையே கிடையாதாம். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் தானும் சிரித்துவிட்டு, அந்த முடிச்சு எப்படிப் போடுவார்கள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மிச்சப் பந்திக்குக் குழம்பு ஊற்றியது நான்.

கல்யாணமும் முடிந்துவிட்டது. நைனாவின் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிக் கேட்டாள். ஆனால் இத்தாலிக்காரன் அழுத இடம் எங்கே என்று கேட்டாள். நைனா அப்படிச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லைதான், ஆனால் அழாமல் இருந்திருப்பானா என்றாள். அழுதிருக்கலாம் என்று என் அக்கா நினைக்கிறாள், என்று ஒரு வரி சேர்த்தேன். அதில் அவளுக்குப் பாதி திருப்தி.

குப்பத்தில் அந்தக் கதை என்னைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருக்கிறது. போன வாரம் டீக்கடையில் கேட்டபோது, அந்தக் கைதி சிப்பாய் இல்லை, ஜெனரல் என்றார்கள். நான் எழுதியதுதான் உண்மை என்று சொல்லிப் பார்த்தேன். நீ அப்போ பொறக்கவே இல்லியே என்று பெரியவர் ஒருவர் சொன்னார். மறுக்க முடியாததால் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.