மதகுக்குக் கீழே நின்ற தண்ணீர்

1. சோப்பு நுரை

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக நான் சேர்ந்தது 1989-இல். கோபுரத்திலிருந்து நடந்து வரும் தூரம். அப்போதெல்லாம் பௌர்ணமிக்கே பாதி அறைதான் நிறையும். சில வருடங்களில் கிரிவலக் கூட்டம் பெருகி, வராந்தாவில் பாய் விரிக்கவும் போட்டி வந்தது. கூட்டம் பெருகிய அளவுக்குத் தண்ணீர் பெருகவில்லை.

ஒரு பௌர்ணமி காலையில் தலை நிறைய சோப்பு நுரையோடு ஒருவர் ரிசப்ஷனுக்கே வந்து நின்றார். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். பேசாமல் நின்றார். எனக்கு மானமே போயிற்று.

அதன் பிறகு டேங்கர்தான். அடி அண்ணாமலைப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து எடுத்தோம். இரண்டு கோடையில் கிணறுகள் தரை தட்டின. ஊர்க்காரர்கள் வண்டியை மறித்தார்கள். நானும் அவர்கள் இடத்தில் இருந்தால் மறித்திருப்பேன்.

2. எல்லோருக்கும் லாபம்

முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த ஊர் ஏரி பல வருடமாகத் தூர்ந்து கிடந்தது. நாமே தூர் வாரிக் கொடுத்தால் அவர்களுக்கும் தண்ணீர், நமக்கும் தண்ணீர் என்றார். செங்கல் சூளைக்காரர் ஒருவர் பொக்லைன் கொடுத்தார், களிமண் அவருக்கு என்று பேச்சு. வண்டல் விவசாயிகளுக்கு. ஏரி நிறைந்ததும் டேங்கர் தண்ணீர் லாட்ஜுக்கு. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு என் தலையில்.

பத்து வருடம் லாட்ஜின் சம்ப்பை, அந்த நிலத்தடித் தொட்டியையே எட்டிப் பார்த்துப் பழகியவன் நான். தண்ணீர் சேமிப்பது என்றால் எனக்கு ஆழம் ஒன்றுதான் தெரியும். ஏரிக்குள் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டச் சொன்னேன். நல்ல களிமண் அடியில் இருந்ததால் சூளைக்காரருக்கும் அதுவே தோதாக இருந்தது. டேங்கர் இறங்கச் சரிவும் வைத்தேன். முடிந்தபோது அந்தப் பள்ளத்தைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3. பச்சையம்மா

அந்த வருடம் மழை ஏமாற்றியது. பெய்த கொஞ்ச மழையும் பள்ளத்தில் போய் நின்றது. எங்கள் டேங்கர்கள் தடையில்லாமல் ஓடின.

பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் பச்சையம்மா என்ற பெண் ரிசப்ஷனுக்கு வந்தார். கணவர் இறந்த பிறகு ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை அவருடையது. மதகுக்கு நேர் கீழே ஒரு ஏக்கர் நெல். வீட்டுக்கு வருடச் சாப்பாடே அதுதான். என்னை ஏரிக்கு அழைத்துப் போய் மதகைத் திறந்து காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. மதகு மேலே இருந்தது, தண்ணீர் வெகு கீழே கிடந்தது. வயலில் கதிர் பால் பிடிக்கும் பருவம். இலை நுனி காய்ந்து சுருண்டிருந்தது.

"போன வருஷம் இதவிட மழ கம்மி சார். அப்பவே ரெண்டு தடவ தண்ணி பாஞ்சுது. நீங்க ஏரிய தோண்டல, உங்க தொட்டிய எங்க ஏரிக்குள்ள தோண்டிட்டீங்க."

தோண்டும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கரைமேலதான் நின்னுட்டு இருந்தேன். யாரும் என்ன ஒரு வார்த்த கேக்கலையே."

அங்கிருந்து நேராக லாட்ஜுக்குத் திரும்பினேன்.

முதலாளியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். டேங்கரை நிறுத்த வேண்டும். நம் டீசல் எஞ்சினை ஏரியில் இறக்கி, பள்ளத்துத் தண்ணீரை அவர்கள் வாய்க்காலுக்கு ஏற்ற வேண்டும். அவர் நாள்காட்டியைப் பார்த்தார்.

"பௌர்ணமிக்கு ரூம் எல்லாம் புக் ஆயிருக்குது. வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்வ?"

"நான் தோண்டச் சொன்ன பள்ளம் சார் அது."

நாள்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு எஞ்சினை ஏற்றச் சொன்னார். பாதி அறைகளைப் பூட்டினோம், மீதி அறைகளுக்கு ஆளுக்கு இரண்டு பக்கெட். கிடைத்த வசவையெல்லாம் நானே நின்று வாங்கிக்கொண்டேன்.

எஞ்சின் நான்கு நாள் ஓடியது. பாதி வயல் பிழைத்தது. மேட்டுப் பாதி பதராகிவிட்டது. பச்சையம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் ஊதிக் காட்டினார். எல்லாம் பறந்து போனது. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

4. கோடு

தோண்டிய களிமண் செங்கல்லாகி எங்கெங்கோ வீடாகிவிட்டது. திரும்ப வராது. சூளைக்காரர் உடைந்த கல்லும் மண்ணும் கொண்டுவந்து பள்ளத்தைப் பாதி மட்டம் தூர்த்துக் கொடுத்தார். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினோம். மதகுச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு, தண்ணீர் அதற்குக் கீழே போனால் டேங்கர் எடுக்கக் கூடாது.

கோடு போட நான் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் நனைத்தபோது, எங்கே போடுவது என்பதைத் தானே சொல்லலாமா எனப் பச்சையம்மா கேட்டார். பிரஷ்ஷையே அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் நினைத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே இழுத்தார். அந்த ஒரு முழம் எதற்கு என்றேன்.

"கதிர் முத்துற கடைசித் தண்ணிக்கு சார். அது இல்லன்னா மொத்தமும் பதருதான்."

பிறகு மற்ற லாட்ஜ்காரர்களும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். நான் ஓய்வு பெறும்வரை கோட்டுக்குக் கீழே ஒரு டேங்கரும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் லாபம் என்று நாங்கள் எழுதிய முதல் காகிதத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. மதகைத் திறக்கிறவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்கு அரை ஏக்கர் சோறு போயிற்று, என்னுடையது அல்ல.