கரண்டிகளைப் பூட்டிய டீச்சர்

என் மூத்த அக்கா மழலையர் பள்ளி ஆசிரியை. அவர் வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள். காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். அக்காவின் பக்கத்து இடத்துக்குத் தினமும் அடிதடி நடக்கும். அதுவே அவருடைய பெருமை.

பிறகு அந்த வகுப்புக்கு ஓர் ஆயா வந்தார். ஒருநாள் காலிப் பால் டம்ளர்களைக் கவிழ்த்து, இரண்டு கரண்டிகளால் தாளம் போட்டார். மறுநாளே அடிதடி ஆயாவின் பக்கத்து இடத்துக்கு மாறியது. அக்காவுக்கு வயிறெரிந்தது. கரண்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"கரண்டி எங்க டீச்சர்?" என்று குழந்தைகள் கேட்டார்கள்.

"காணோம்" என்றார் அக்கா.

"பொய்! நீங்கதான் பூட்டி வச்சீங்க, நான் பார்த்தேன்!" என்றாள் ஒரு வாயாடி.

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. ஆயாதான் முந்திக்கொண்டார்.

"தொலைஞ்சுடக் கூடாதேன்னு டீச்சர் பத்திரமா வச்சிருக்காங்கடி, என் ராசாத்தி."

அந்தப் பரிவு அக்காவை இன்னும் சுட்டது. அலமாரியைத் திறந்து கரண்டிகளை நீட்டினார்.

"தாளம் நீங்க போடுங்க. பாட்டு மட்டும் நான்தான்."

"ஐயோ டீச்சர், நான் பாடினா பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு ஓடிடும்!"

குழந்தைகள் சிரித்தார்கள், கடைசியில் அக்காவும் சிரித்தார். ஆனாலும் பொறாமை அவரை விட்டுப் போகவில்லை. யார் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் பாடத் தொடங்கியதில்லை. இருவரும் அந்த வட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்தது பதினான்கு ஆண்டுகள்.